ராஜேந்திரத்தில் ஒரு கல்யாணம்

கணிதமேதை ராமானுஜனைப் பற்றி 2015-ல் வெளிவந்த ‘தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அவருடைய மனைவி ஜானகியின் முகம் நினைவிருக்கும். வளர்ந்த இளம் பெண்ணாக, கணவரைப் பிரிந்து ஏங்குபவராக அந்தப் படம் அவரைக் காட்டுகிறது. ஆனால் 1909-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி அந்தக் கல்யாணம் நடந்தபோது ராமானுஜனுக்கு வயது 21. ஜானகிக்கு வயது 10!

கல்யாணம் நடந்த இடம் ஜானகி பிறந்து வளர்ந்த ராஜேந்திரம் கிராமம். இன்றைய கரூர் மாவட்டத்தில், குளித்தலைக்கும் மருதூர் ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் உள்ள காவிரிக்கரை ஊர். மாப்பிள்ளை வீட்டார் அதே காவிரியின் கீழ்ப்பகுதியில், தஞ்சை நெல் வயல்களுக்கு நடுவே இருக்கும் கும்பகோணத்துக்காரர்கள். ராமானுஜனின் தேற்றங்களைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. இந்தக் கட்டுரை பேசப்போவது அந்தக் கல்யாணத்தைப் பற்றியும், அது நடந்த பிறந்த வீட்டைப் பற்றியும்தான்.

பெண் பார்த்த தாய்

1909-ல் ராமானுஜன் நல்ல மாப்பிள்ளை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையைக் கணக்குத் தவிர மற்ற பாடங்களில் தவறியதால் இழந்தவர். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் கிடையாது, வேலையும் கிடையாது. அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய வீடு. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவதுதான் மகனின் வேலை.

இந்த நிலையில் மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் பொறுப்பு வரும் என்று தாய் கோமளத்தம்மாள் நினைத்தார். 1908-ன் கடைசியில் ராஜேந்திரத்துக்குப் போயிருந்தபோது அவர் கண்ணில் பட்டவர்தான் ஜானகி. 1899 மார்ச் 21-ல் பிறந்த ஜானகிக்கு அப்போது ஒன்பது வயது. ஜாதகம் வாங்கிப் பார்த்தார்கள், பொருந்தியது. பெண்ணின் தந்தை ரங்கசாமி ஐயங்காருக்கு ஐந்து பெண்கள். ஒரு காலத்தில் வசதியாக இருந்து பிறகு நொடித்துப்போன குடும்பம். பெரிய வரதட்சணை கொடுக்க வழியில்லை. வேலையில்லாத மாப்பிள்ளைக்கும் வசதி குறைந்த பெண் வீட்டுக்கும் இப்படித்தான் சம்பந்தம் கூடியது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ராமானுஜனின் அப்பா அந்தக் கல்யாணத்துக்கே போகவில்லை. தன்னைக் கலந்துகொள்ளாமல் முடிவு செய்துவிட்டார்கள் என்ற கோபம்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது.

தாமதமாக வந்த ரயில்

ஜூலை 14 என்பது ஆனி மாதத்தின் கடைசி நாட்களில் ஒன்று. இன்னும் ஓரிரு நாளில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணம் செய்வதில்லை என்பதால் இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாகக் குளித்தலைக்கு ரயிலில் வர வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரம். அங்கிருந்து ஊருக்கு மாட்டுவண்டி. அன்றைக்கு ரயில் பல மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றை 1991-ல் வெளியிட்ட ராபர்ட் கனிகல் இந்த இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண்ணின் தந்தை பொறுமையிழந்து கல்யாணத்தையே நிறுத்திவிடுவதாகச் சொன்னாராம். ஐந்து பெண்களை வைத்திருப்பவர் வந்த சம்பந்தத்தை விடலாமா என்று கோமளத்தம்மாள் பேசிச் சரிக்கட்டினாராம். அதே பந்தலில் ஜானகியின் சகோதரி ஒருவருக்கும் கல்யாணம். இரண்டு பெண்களுக்கு ஒரே செலவில் கல்யாணத்தை முடிப்பது அன்றைய ஏழைத் தகப்பன்கள் செய்த சிக்கனம்.

இவ்வளவுதான் அந்தக் கல்யாணம். சத்திரம் இல்லை, ஊர் கூடிய ஊர்வலம் இல்லை. பிற்காலத்தில் உலகம் கொண்டாடிய ஒரு மனிதரின் திருமணம் ஒரு கிராமத்து வீட்டில், மாப்பிள்ளையின் தகப்பனார் கூட இல்லாமல் நடந்து முடிந்தது.

ஏன் பெண் வீட்டில்?

இன்று கல்யாணம் என்றால் முதலில் மண்டபம் கிடைக்கிறதா என்று பார்க்கிறோம். மண்டபத் தேதிக்கு ஏற்ப முகூர்த்தத்தை மாற்றுகிறவர்களும் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிக்கரை அந்தணர் வீடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கல்யாணம் பெண் வீட்டில்தான். (தமிழ்நாட்டின் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் நடத்தும் வழக்கமும் உண்டு.)

இதற்குச் சடங்கிலேயே காரணம் இருக்கிறது. கல்யாணத்தின் நடுவான சடங்கு கன்னிகாதானம். தகப்பன் தன் வீட்டில், தன் மடியில் பெண்ணை உட்கார வைத்து மாப்பிள்ளையின் கையில் ஒப்படைக்கிறார். தானம் கொடுப்பவர் வீட்டுக்கு வாங்குபவர் வருவதுதான் முறை. காசியாத்திரையும் அப்படித்தான். குடையும் தடியுமாகச் சந்நியாசம் போகக் கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் தகப்பனார் வழிமறித்து, “என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள்” என்று அழைத்து வருவார். அவர் திரும்பி வர ஒரு வீடும் ஒரு தெருவும் வேண்டும் அல்லவா? இன்று மண்டப வாசலில் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பும்போது அந்தச் சடங்கின் பொருள் பாதி போய்விடுகிறது.

காவிரிக்கரை அக்ரகார வீடுகளின் அமைப்பும் இதற்கு ஒத்துழைத்தது. வாசலில் திண்ணை, பிறகு ரேழி, நடுவில் கூடமும் முற்றமும், கடைசியில் கொல்லை. வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு வாழை மரம் கட்டுவார்கள். கூடத்தில் ஓமம் வளர்ப்பார்கள். கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டிச் சமையல் நடக்கும். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் பக்கத்து வீட்டுக் கூடம் சம்பந்திகளின் ஜாகையாகும். எதிர் வீட்டுத் திண்ணையில் ஆண்கள் படுத்துக்கொள்வார்கள். அண்டா, குண்டான், ஜமக்காளம் எல்லாம் தெருவிலிருந்தே வந்துவிடும். நான்கைந்து நாள் கல்யாணத்தை ஒரு சாதாரணக் குடும்பம் தாங்க முடிந்ததற்கு இந்தக் கைமாற்றும் ஒரு காரணம். இன்று உன் வீட்டுக்கு நான் பாய் கொடுத்தால் நாளை என் வீட்டுக்கு நீ பாத்திரம் கொடுப்பாய். இன்று இதற்கெல்லாம் வாடகை கொடுக்கிறோம்.

கல்யாண மாதங்களும் வயலைப் பார்த்தே அமைந்தன எனலாம். சம்பா அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்ட தை, மாசி, பங்குனி ஒரு பருவம். வைகாசி, ஆனி இன்னொரு பருவம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கும் வரை தென்மேற்குப் பருவமழையை நம்பித்தான் ஆற்றில் புதுவெள்ளம் வரும். ஆடியில் உழவும் நடவும் தொடங்கிவிட்டால் ஆளும் மாடும் கல்யாண வேலைக்குக் கிடைக்காது.

ஆனால், இதையெல்லாம் விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அன்றைய கல்யாணத்தில் பெண் உடனே வீட்டை விட்டுப் போவதில்லை!

கல்யாணத்துக்குப் பின்னும் பிறந்த வீடு

அக்கால அந்தணக் குடும்பங்களில் பெண் பெரியவளாவதற்கு முன்பே கல்யாணம் செய்துவிட வேண்டும் என்பது கட்டுப்பாடு. தவறினால் ஊர் ஒதுக்கி வைக்கும் என்ற பயம். மற்ற பெரும்பாலான சமூகங்களில் இவ்வளவு கண்டிப்பு இல்லை. கல்யாணம் முடிந்தாலும் பெண் பிறந்த வீட்டிலேயே வளர்வாள். பெரியவளான பிறகு சாந்தி கல்யாணம் என்று இன்னொரு சடங்கு செய்து புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஜானகியும் அப்படித்தான் கல்யாணத்துக்குப் பிறகு சுமார் மூன்று ஆண்டுகள் ராஜேந்திரத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தார். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அந்த ஆண்டில்தான் ஜானகி மாமியாருடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 13.

அன்றைய சட்டமும் இதே எல்லையில்தான் நின்றது. கல்யாணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று சட்டம் எதையும் சொல்லவில்லை. பம்பாயில் சிறு வயதில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், கணவருடன் வாழ மாட்டேன் என்று 1880-களில் நீதிமன்றத்தில் போராடினார். அந்த வழக்கு நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் பிறகு 1891-ல் வந்த சட்டம், 12 வயதுக்குட்பட்ட பெண்ணுடன் கணவனே ஆனாலும் உறவு கொள்வது குற்றம் என்றது. கல்யாணத்தைத் தடுக்கவில்லை. ஆகவே கல்யாணத்துக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு சிறுமிக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அவளுடைய பிறந்த வீடுதான்.

தாய்வீட்டுக்குப் போக ஒரு காரணம்

சென்னையில் ஜானகி கணவருடன் இருந்தது இரண்டு ஆண்டு கூட இராது. 1914 மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ஜானகிக்கு 15 வயது நிறைய இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் பிரிவு. தான் எழுதிய கடிதங்களும் தனக்கு வந்த கடிதங்களும் மாமியாரால் தடுக்கப்பட்டன என்று ஜானகி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்தச் சூழ்நிலையில் கும்பகோணத்திலிருந்து வெளியேற அவருக்கு ஒரு வழி கிடைத்தது. அதுவும் ஒரு கல்யாணம்தான்! சகோதரரின் கல்யாணத்துக்காக ராஜேந்திரம் போனவர் திரும்பி வரவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் புடவை வாங்கப் பணம் வேண்டும் என்று கணவருக்கு எழுதினார்.

ராமானுஜனின் உதவித்தொகையில் ஒரு பகுதி இங்கே பெற்றோருக்கு வந்துகொண்டிருந்தது. இந்தியா திரும்பும் முன் 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும், ஆண்டுக்கு 50 பவுண்டு பெற்றோருக்குத் தர வேண்டும், தன் செலவு போக மிச்சத்தை ஏழை மாணவர்களின் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்றார். பெருந்தன்மையான கடிதம்தான். ஆனால் அந்த ஏற்பாட்டில் மனைவிக்கென்று தனிப் பங்கு இல்லை. அன்றைய கூட்டுக் குடும்ப முறையில் மருமகளுக்குத் தனியாகப் பணம் அனுப்பும் வழக்கமும் இல்லை. பிறந்த வீடு இல்லாவிட்டால் ஜானகிக்குப் போக்கிடம் இருந்திருக்காது.

1919 மார்ச் 27-ல் ராமானுஜன் நோயாளியாகப் பம்பாயில் வந்திறங்கினார். அழைத்துவரத் தாயும் தம்பியும் போயிருந்தார்கள், ஜானகி இல்லை. பிறகு சென்னையில் வந்து சேர்ந்துகொண்டார். அந்தக் கோடையில் சில வாரங்கள் கொடுமுடியில் காவிரிக்கரையில் தங்கினார்கள். பிறகு கும்பகோணம், கடைசியில் சென்னை சேத்துப்பட்டு. 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் ராமானுஜன் இறந்தார். கடைசி நாட்கள் வரை படுக்கையில் இருந்தபடி கணக்குப் போட்டார். அவருக்குப் பணிவிடை செய்து, எழுதிய தாள்களைப் பத்திரப்படுத்தியவர் ஜானகி. அவற்றில் பல 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்த ‘தொலைந்த நோட்டுப் புத்தக’மாக இன்று கணித உலகில் பேசப்படுகின்றன.

கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகள் கூட முடியவில்லை. கணவருடன் சேர்ந்து வாழ்ந்ததைக் கூட்டினால் மூன்று ஆண்டுகளுக்குள்தான். 21 வயதில் ஜானகி விதவை.

பதினொரு வயது மணமகளும் ஒரு சட்டமும்

குழந்தைக் கல்யாணத்தின் மிகப் பெரிய கொடுமை இந்த இளம் விதவைகள்தான். கணவன் முகம் கூடச் சரியாகத் தெரியாத சிறுமிகள் வாழ்நாள் முழுவதும் மூலையில் முடங்க வேண்டியிருந்தது.

அதே தஞ்சை மண்ணைச் சேர்ந்த இன்னொரு பெண்ணின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886-ல் பிறந்தவர் சுப்புலட்சுமி. 11 வயதில் கல்யாணம், விரைவிலேயே விதவை. ஆனால் பெற்றோர் அவரை வீட்டில் முடக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912 முதல் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். பிறகு அந்த இல்லம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. ‘சகோதரி சுப்புலட்சுமி’ என்று நாடறிந்த அவர், குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். அரசு அமைத்த ஜோஷி குழுவின் முன் சாட்சியமும் அளித்தார்.

ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்ததால் ‘சாரதா சட்டம்’ எனப்பட்ட அந்தச் சட்டம் 1929-ல் நிறைவேறி 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று குறைந்தபட்ச வயதை அது விதித்தது. வைதிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சட்டம் அமலுக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன. அதன் தடயம் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே பதிவானது. பிறகு 1978-ல் வயது 18, 21 என உயர்ந்தது. 2006-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது.

வயது ஏறியதும் கல்யாணத்தின் வடிவமும் மாறியது. பெண் வளர்ந்தவளானதால் சாந்தி கல்யாணம் தனிச் சடங்காக இருக்க வேண்டிய அவசியம் போனது. கல்யாணம் முடிந்த கையோடு பெண் புகுந்த வீடு போனாள். நான்கைந்து நாள் கல்யாணம் சுருங்கி ஒன்றரை நாளானது. அக்ரகாரத்துக் குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர, இரண்டு அறை வீட்டில் பந்தல் போட இடமில்லாமல் மண்டபங்கள் வந்தன. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது மண்டபங்கள் மூடப்பட்டு, விருந்தினர் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு விதித்தபோது வீட்டுக் கல்யாணம் கொஞ்ச காலம் திரும்பி வந்தது. கடன் வாங்காமல் கல்யாணம் நடத்த முடியும் என்று பல குடும்பங்கள் அப்போது கண்டுகொண்டன.

தையல் இயந்திரத்துடன் ஒரு வாழ்க்கை

கணவர் இறந்த பிறகு ஜானகியைத் தாங்கியதும் பிறந்த வீட்டுச் சொந்தம்தான். பம்பாயில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போனார். தையல் கற்றார். 1931-ல் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறினார். பல்கலைக்கழகம் தந்த சிறிய ஓய்வூதியமும் தையல் வருமானமும்தான் வாழ்க்கை. 1950-ல் ஒரு சிறுவனைத் தத்தெடுத்து, படிக்க வைத்து ஆளாக்கினார்.

வயதான காலத்தில் துறைமுகக் கழகமும் சில மாநில அரசுகளும் ஓய்வூதியம் வழங்கின. புரூஸ் பெர்ண்ட், ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் போன்ற கணித அறிஞர்கள் சென்னைக்கு வந்தால் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னவர்கள் வைக்கவில்லையே என்பது அவருடைய நீண்ட நாள் குறை. அதைக் கேள்விப்பட்ட ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர், பல நாட்டுக் கணித அறிஞர்களிடம் பணம் திரட்டி 1980-களில் பால் கிரான்லண்ட் என்ற சிற்பியைக் கொண்டு மார்பளவு வெண்கலச் சிலைகளைச் செய்வித்தார். ஒன்று ஜானகியிடம் வந்து சேர்ந்தது.

1994 ஏப்ரல் 13-ஆம் தேதி, 95-ஆம் வயதில் ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் காலமானார். கணவர் போன பிறகு அவர் வாழ்ந்தது 74 ஆண்டுகள்.

எளிய கல்யாணம் நல்லதுதான். தெருவே சேர்ந்து பந்தல் போட்ட அந்தப் பழக்கம் நம்மிடம் திரும்பி வந்தாலும் நல்லதுதான். ஆனால் பழைய வீட்டுக் கல்யாணங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது, அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த மணமகளின் வயதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ராஜேந்திரத்து வீடு பத்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. அது அந்தக் காலத்தின் தவறு. அதே வீடு அவர் வளரும் வரை வைத்துக் காப்பாற்றியது, மாமியார் வீட்டில் முடியாமல் வந்தபோது இடம் கொடுத்தது. விதவையானபோதும் அந்த வீட்டுச் சகோதரர்தான் தாங்கினார். முதல் வழக்கத்தை மாற்ற ஒரு சட்டமும் பல ஆண்டுப் போராட்டமும் தேவைப்பட்டன. இரண்டாவது வழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டம் எதுவும் தேவையில்லை. மணமாகிப் போன பெண் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று பெற்றவர்கள் சொன்னாலே போதும்.